விக்கி நின்னுச்சா, பட்டுனு நின்னுச்சா?

போன மாதம் ஒரு மதியம் எங்கள் கடை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ஒரு அம்மா. காலடியில் கோணி விரித்து, அதன்மேல் ஐந்தரை ஹெச்.பி. பெட்ரோல் இன்ஜின் ஒன்றை வைத்து, அது சாய்ந்துவிடாமல் இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்திருந்தார். கரும்பு ஜூஸ் வண்டியின் இன்ஜின். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் பக்கமாகக் கடை போட்டிருக்கிறார்.

இறங்கியதும் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அண்ணே, மறுபடியும் காயில்னு மட்டும் சொல்லிடாதண்ணே. ரெண்டு வாட்டி மாத்திட்டேன்."

கையில் ஒரு மஞ்சப்பை வைத்திருந்தார். வேறு இடத்தில் கழற்றிக் கொடுத்த பழைய காயில்கள் இரண்டும் அதில் கிடந்தன. (காயில் என்பது பிளக்குக்குப் பொறியை உண்டாக்கித் தரும் கம்பிச் சுருள்.) தூக்கிப்போட மனசு வரவில்லையாம். ஒரு காயில் அவருக்கு இரண்டு நாள் லாபம்.

இன்ஜின் அரை மணி நேரம் நன்றாக ஓடுமாம். அப்புறம் நின்றுவிடும். எவ்வளவு கயிறு இழுத்தாலும் எடுக்காது. கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளும். மறுபடி அரை மணி நேரம். வெயில் கொளுத்தும் நேரத்தில், லாரி டிரைவர்கள் கையில் காசோடு நிற்கும்போது, கரும்பு பாதி உள்ளே போய் மாட்டிக்கொண்ட நிலையில் ரோலர் நிற்கும். "பக்கத்துல இன்னொரு வண்டி கீதுண்ணே. அங்க போயிடுறாங்க" என்றார்.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "நிக்கும்போது விக்கி விக்கி நின்னுச்சாம்மா, பட்டுனு நின்னுச்சா?"

"பட்டுனுதாண்ணே. சுவிட்ச் அமுக்கின மாதிரி."

இந்தக் கேள்வி என் மாமாவுடையது. பெட்ரோல் தட்டுப்பட்டு நிற்கும் இன்ஜின் மூச்சு வாங்கும். சத்தம் இறங்கும், ஏறும், ஒருமுறை இருமும், அப்புறம்தான் அடங்கும். சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் சில நொடி கூட உயிரோடு இருக்கும். கரண்ட் அறுந்து நிற்கும் இன்ஜின் அப்படியில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் வெட்டுப்படும். (மெக்கானிக் பாஷையில் கரண்ட் என்றால் வீட்டு மின்சாரம் இல்லை. பிளக் நுனியில் தெறிக்கும் பொறியைத்தான் அப்படிச் சொல்வோம்.) ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி வழியை இந்தப் பதில் காட்டிவிடும். மெஷின் வைத்திருப்பவருக்கு அதன் சத்தம் தெரியும். கேட்டால் சொல்லுவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

என் கடை தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மெஷின், கொசுப்புகை அடிக்கும் மெஷின், பழைய டி.வி.எஸ். 50 என்று சின்ன பெட்ரோல் இன்ஜின் எது வந்தாலும் பார்ப்போம். விசைப்படகுக்காரர்கள் வந்தால் மட்டும் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன். அது டீசல், அதில் பிளக்கே கிடையாது. அந்த வித்தை வேறு.

மாமா திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் பிட்டராக இருந்தவர். 1988-இல் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துக்கொள்வார். தெருவில் புல்லட் வைத்திருப்பவர்கள் அங்கேதான் வருவார்கள். அவர் கரண்ட் பார்க்கும் விதத்தை இன்றைக்கும் அப்படியே கண்முன் பார்க்க முடிகிறது.

பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன அம்மீட்டர் இருக்கும். சாவியைப் போடுவார். கிக்கரைக் காலால் உதைக்க மாட்டார், கையால் மெதுவாக அமுக்குவார். "முள்ளைப் பாருடா" என்பார். பாயிண்ட் என்பது இன்ஜின் சுற்றச் சுற்றத் தொட்டுப் பிரிந்து, காயிலுக்குப் போகும் ஓட்டத்தைச் சேர்த்து அறுக்கும் சின்ன முனைகள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். சாயும், திரும்பும், சாயும், திரும்பும். அது நடந்தால் பாட்டரியிலிருந்து பாயிண்ட் வரைக்கும் உள்ள பாதை சுத்தம். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்ட் அழுக்கு, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ வயரோ பாடியில் ஒட்டுகிறது. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிடும். பிறகுதான் மூடியைத் திறப்பார். உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து பாயிண்டுக்கு நடுவில் வைத்து இரண்டு தேய். அதோடு விடமாட்டார். சட்டைப்பையிலிருந்து பல்லவன் பஸ் டிக்கெட்டை எடுத்து அதே இடத்தில் நுழைத்து மெல்ல இழுப்பார். உப்புத்தாளின் பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் டிக்கெட்டில் கறுப்புக் கோடாக வரும். கோடு வராத வரைக்கும் புது டிக்கெட். கடைசியில் பீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பார். 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

சின்ன இன்ஜினில் பாட்டரியும் கிடையாது, அம்மீட்டரும் கிடையாது. மேக்னட்தான் எல்லாம். இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் பதித்த காந்தம் சுற்றி வந்து காயிலைத் தாண்டும்போது, காயிலில் உள்ள தடித்த கம்பிச் சுற்றில் கரண்ட் ஓடத் தொடங்கும். சரியான நேரத்தில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தைச் சட்டென்று அறுக்கும். அறுபடும் அந்தக் கணத்தில், பக்கத்தில் பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். கண்டென்சரின் வேலை, பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து சக்தி வீணாகாமல் பார்த்துக்கொள்வது. கண்டென்சர் போனால் பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி மஞ்சளாகச் சோர்ந்து வரும். இப்போது வரும் இன்ஜின்களில் பாயிண்ட் வேலையைக் காயிலுக்குள்ளேயே டிரான்சிஸ்டர் செய்துவிடுகிறது.

இதில் எல்லாரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. பாட்டரி வண்டியில் சாவியை அணைத்தால் கரண்ட் அறுபடும். மேக்னட் இன்ஜினில் அப்படியில்லை. காந்தம் சுற்றிக்கொண்டிருக்கும் வரை கரண்ட் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த, காயிலின் தடித்த கம்பிச் சுற்றிலிருந்து ஒரு வயரை இழுத்து பாடியோடு சேர்த்துவிடுகிறார்கள். சேர்ந்தால் பொறி இல்லை, பிரிந்தால் பொறி உண்டு. ஆக, அந்த ஒற்றை வயர் எங்கே தோல் உரிந்து இரும்பில் பட்டாலும், இன்ஜினைப் பொறுத்தவரை யாரோ சுவிட்ச்சை அணைத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். காயில் தங்கமாக இருக்கும். பொறி வராது.

அதனால் பொறி வராத மெஷின் வந்தால், காயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நான் முதலில் அந்த வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுக் கயிறு இழுத்துப் பார்ப்பேன். பைசா செலவில்லாத சோதனை. பொறி வந்துவிட்டால் காயில் மேல் குற்றமில்லை. சுவிட்ச்சிலோ வயரிலோ, ஆயில் சென்சார் இருந்தால் அதிலோ தேட வேண்டும்.

அம்மா கொண்டுவந்த இன்ஜினில் அன்று அது எதுவுமே செய்ய முடியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். டிகாக்‌ஷன் கம்மியான காபி நிறம். நல்ல நிறம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை என்று பொருள். காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. இது இரண்டும் இல்லை. மேசைமேல் போல்ட் போட்டு முறுக்கி ஓட்டினோம். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது, ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. நிற்கவே இல்லை.

அம்மா முகம் சுண்டிவிட்டது. டாக்டர் வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிடுவது போல என்று சொன்னார்.

இந்த இடத்தில் "எதுக்கும் காயிலை மாத்திடலாம்" என்று சொல்லுவது ரொம்ப சுலபம். முன்னால் பார்த்தவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சூடேறினால் நிற்பதும் ஆறினால் எடுப்பதும் கெட்ட காயிலின் குணம்தான். உள்ளே மெல்லிய கம்பி எங்கோ விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது முனையும் முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். ஆனால் அதே குணம் உள்ள வேறு கோளாறுகளும் இருக்கின்றன. டேங்க் மூடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைத்துக்கொண்டால், டேங்க்கில் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று குறைந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்ல உள்ளே கசிந்து சரியாகிவிடும். அதுவும் அரை மணி நேரம் ஓடும், கால் மணி நேரம் நிற்கும். ஆனால் அது விக்கி நிற்கும். மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும்.

இதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஒரே நேரம்தான் உண்டு. இன்ஜின் நின்ற அந்த நிமிடம். கால் மணி நேரம் கழித்து வருகிற மெக்கானிக் பார்ப்பது நல்ல இன்ஜினை. அதில் எந்தக் காயிலை மாட்டினாலும் ஓடத்தான் செய்யும். காசு வாங்கிக்கொண்டு அவர் கிளம்பி அரை மணி நேரத்தில் மறுபடி நிற்கும்.

"நாளைக்கு நான் அங்க வர்றேம்மா. இதை மாட்டி வைங்க. நின்னா கை வைக்காதீங்க, நான் பார்க்கணும்" என்றேன். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு வாங்குவது?

மறுநாள் பதினொன்றரைக்கு நானும் கடைப் பையனும் போனோம். நல்ல வெயில். லாரி டயர் கிளப்பும் புழுதி வேறு. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முதல் வேலையாக ஆளுக்கு ஒரு கிளாஸ் ஜூஸ் கொடுத்தார், இஞ்சியும் எலுமிச்சையும் போட்டு. நான் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வண்டிப் பலகையில், இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தேன். நுரை அடங்கியதும் கண்ணில் பட்டது. கிளாஸில் ஜூஸ் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் மேலே, இன்னொரு பக்கம் ஒரு விரல் அகலம் கீழே.

குனிந்து பார்த்தேன். வண்டியின் இடது சக்கரங்கள் சாலை ஓரத்துச் சரிவில் இறங்கி நின்றன.

"எப்பவுமே இங்கதான் நிப்பாட்டுவீங்களா?"

"இல்லண்ணே. முன்ன அந்தாண்ட, அந்த மரத்தாண்ட. மழைத்தண்ணி கால்வா தோண்டுறாங்கன்னு பொங்கல் கழிச்சு இங்க வந்தேன்."

"இன்ஜின் தகராறு எப்போலருந்து?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் பொங்கல் கழிச்சுதாண்ணே."

இருபத்திரண்டாவது நிமிடம் இன்ஜின் நின்றது. பட்டென்று. பையன் தயாராக இருந்தான். பிளக் கேப்பை இழுத்து, கையோடு கொண்டுபோயிருந்த சோதனைப் பிளக்கை மாட்டி, பாடியில் அழுத்திப் பிடித்தான். நான் கயிறு இழுத்தேன். பொறி இல்லை. காயிலில் இருந்து வரும் அந்த ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்தேன். 'டிக் டிக்' என்று நீலப் பொறி, வெயிலிலேயே தெரிந்தது. அந்த இடத்தில் காயில் விடுதலை. பிறகு சுவிட்ச் வயரை மட்டும் சேர்த்து இழுத்தேன், பொறி இருந்தது. ஆயில் சென்சார் வயரைச் சேர்த்தேன், பொறி போய்விட்டது.

இந்த வகை இன்ஜின்களில் அடியில் ஆயில் தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் இருக்கும். ஆயில் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மிதவை இறங்கி, காயில் வயரைப் பாடியோடு சேர்த்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அம்மா இன்ஜினில் ஆயில் வேண்டிய அளவு 600 மில்லி. நாங்கள் வடித்துப் பார்த்தபோது 400 மில்லி அளவுதான் இருந்தது. சமதரையில் அது மிதவையைத் தாங்கப் போதும். அதனால்தான் என் மேசைமேல் நிற்கவே இல்லை. சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது, மிதவை இருப்பதோ மேட்டுப் பக்கம். அப்பவும் குளிர்ந்த இன்ஜினில் எப்படியோ சமாளிக்கிறது. ஓட ஓட ஆயில் சூடேறி இளகும், உள்ளே சுவரெல்லாம் தெறித்து ஒட்டிக்கொள்ளும், தொட்டியில் மட்டம் குறையும். இருபது முப்பது நிமிடத்தில் மிதவை இறங்கிவிடும். நின்றபிறகு சுவரில் இருந்த ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். கால் மணி நேரத்தில் மிதவை ஏறிவிடும். கெட்ட காயில் எப்படி நடந்துகொள்ளுமோ அதே மாதிரி, நிமிடக் கணக்குகூடப் பிசகாமல்.

புது ஆயில் வாய் விளிம்பு வரை ஊற்றினோம். இடது சக்கரங்களுக்குக் கீழே ஒன்றரைச் செங்கல் உயரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். கிளாஸில் தண்ணீர் ஊற்றிப் பலகையில் வைத்து, மட்டம் வரும்வரை செங்கலை மாற்றி மாற்றி வைத்தான் பையன். மாலை நாலு மணிக்கு அம்மா போன் செய்தார். நிற்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சென்சார்தான் கோளாறு என்று தெரிந்ததும் அந்த வயரை வெட்டிவிட்டுவிடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. சோதனைக்குக் கழற்றுவது வேறு, நிரந்தரமாக வெட்டிவிடுவது வேறு. ஆயிலைப் பற்றி அம்மாவுக்கு யாரும் இதுவரை சொல்லித்தரவில்லை. வயரும் வெட்டப்பட்டிருந்தால் இந்தக் கோடையிலேயே அந்த இன்ஜின் பிடித்துப்போயிருக்கும். தினமும் காலையில் மூடியைத் திறந்து ஆயில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது பார்க்கிறாராம்.

கோளாறு நடக்கும் இடத்துக்கு, அது நடக்கும் நேரத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது காசிமேடு. பல வருஷத்துக்கு முன்பு மீன் ஏற்றும் அண்ணன் ஒருவர் தன் எக்ஸ்.எல். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். "விடியக்காத்தால மிஸ் அடிக்குது, மதியம் பார்த்தா சரியாயிடுது." மதியம்தான் கொண்டுவருவார். நானும் ஓட்டிப் பார்ப்பேன், தேன் மாதிரி ஓடும். பிளக் மாற்றினேன். கார்புரேட்டர் கழுவினேன். மூன்றாவது முறை வந்தபோது, "நாளைக்கு நானே வரேண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

காலை நாலு மணி. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டிகளிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்து தரையெல்லாம் சொதசொத என்று இருந்தது. கடல் பக்கம் இருந்து ஈரக்காற்று. அண்ணன் வண்டியில் பின்னால் இரண்டு பெட்டி. ஸ்டார்ட் செய்தார். 'பட் பட்... பட்... பட் பட்' என்று தவறித் தவறி அடித்தது. வெளிச்சம் இல்லாத சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தச் சொன்னேன். லைட்டை அணைத்துவிட்டு, குனிந்து இன்ஜின் பக்கம் பார்த்தேன்.

நீலமாக ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயரின் மேல், ஃப்ரேமை உரசும் இடத்தில், மயிரிழை அளவு நீல ஒளி வயரிலிருந்து இரும்புக்குத் தாவித் தாவி அணைந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் இன்ஜின் ஒரு அடி தவறியது. பெட்டியிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர் அந்த வயரின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் கரண்டுக்கு நல்ல பாதை. வெயில் ஏறியதும் காய்ந்துவிடும், வெடிப்பு மூடிக்கொள்ளும், கோளாறும் ஒளிந்துகொள்ளும்.

பகலில் அந்த வயரை விரலால் தடவிப் பார்த்தால் வெடிப்பு தெரியாது. வளைத்துப் பார்த்தால்தான் ரப்பரில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. வயரும் கேப்பும் மாற்றினேன். ஃப்ரேமில் உரசாதபடி ரப்பர் சுற்றிக் கட்டினேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் படிந்திருந்த உப்புப் பூச்சைத் துடைத்தேன். பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டும் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் இந்தப் பக்கத்து வண்டிகளில் கரண்ட் கோளாறு என்றால், கரை ஓரத்து வண்டியா என்று கேட்டுவிட்டு முதலில் எர்த் போல்டைத்தான் பார்ப்பேன். காயில் பாடியில் உட்காரும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கழற்றி உப்புத்தாள் போட்டு வெளுக்கத் தேய்த்து மாட்டினால் பாதி வண்டி எடுத்துக்கொள்ளும்.

பொறி பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பிளக்கை வெளியே எடுத்துப் பாடியில் வைத்துப் பார்த்தால் பொறி வரும், உள்ளே மாட்டினால் இன்ஜின் எடுக்காது. வெளியில் இருப்பது சாதாரணக் காற்று. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் நிறைய வோல்ட் வேண்டும். சோர்ந்த காயில் வெளியே பாஸாகி உள்ளே ஃபெயிலாகும். அதனால்தான் எங்கள் சோதனைப் பிளக்கில் பக்கத்து முனையை வெட்டி எடுத்துவிட்டோம். நடு முனையிலிருந்து விளிம்பு வரை தாவினால்தான் அதைப் பொறி என்று ஒப்புக்கொள்வோம். இன்னொன்று, சோதிக்கும்போது பிளக்கை எப்போதும் பாடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுத்தால், போக வழியில்லாத அந்த வோல்ட் காயிலுக்குள்ளேயே ஓட்டை போட்டுக்கொண்டு போகும். சோதனை என்ற பெயரில் நல்ல காயிலைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

பொறி நன்றாக இருந்தும் எடுக்காத இன்ஜின் ஒன்று உண்டு. ஒரு மைதானத்தில் புல் வெட்டும் மெஷின், பிளேடு கல்லில் மோதி நின்றுவிட்டது. அப்புறம் கயிறு இழுத்தால் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போகும். பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. புல்லர் போட்டு ஃப்ளைவீலைக் கழற்றினால், ஃப்ளைவீல் இடம் மாறாமல் பிடித்துக்கொள்ள ஷாஃப்ட்டில் உட்காரும் அரைவட்டச் சாவி பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பிவிட்டது. பொறி வருகிறது, ஆனால் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. சின்ன சாவி, சில்லறைக் காசு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. தண்ணீரில் மூழ்கிய ஜெனரேட்டர்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் முதியவர்களை வைத்துக்கொண்டு அவசரத்தில் உடனே கயிறு இழுத்துப் பார்த்தவர்கள்தான் அதிகம். மூழ்கிய இன்ஜினில் பிளக்கைக் கழற்றாமல் இழுக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் ராடு வளைந்துவிடும். ஆயில் பால் மாதிரி ஆகியிருக்கும், வடித்துவிட வேண்டும். ஃப்ளைவீலின் காந்தத்தில் பிடித்த துருவைத் தேய்த்து எடுத்து, காயிலைக் காயவைத்து, இடைவெளியை மறுபடி வைத்தாலே பல மெஷின்கள் உயிர் பெற்றன. இடைவெளிக்குக் கேஜ் கிடைக்காத அன்று கல்யாணப் பத்திரிகைகூட உதவும். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் அட்டையை வைத்து, காந்தம் இழுத்துப் பிடிக்கும்போது போல்டை முறுக்கிவிட்டு அட்டையை உருவ வேண்டியதுதான்.

உண்மையாகவே காயில் கெட்டதும் உண்டு. அம்மா வந்து போன அதே வாரம், கொருக்குப்பேட்டையில் பம்ப் வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் வந்தார். அதே ஐந்தரை ஹெச்.பி., அதே கதை. பட்டென்று நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது. இந்த முறை என் மேசைமேலேயே நின்றது. வயரைக் கழற்றியும் பொறி வரவில்லை. காயிலைக் கழற்றி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய என் பழைய மீட்டரில் பார்த்தேன். அதற்குள் ஆறிவிட்டதால் அளவு சரியாகத்தான் காட்டியது. அட்டைப்பெட்டிக்குள் காயிலை வைத்து நூறு வாட் குண்டு பல்பைப் போட்டு மூடினேன். மீட்டர் வயர் இரண்டும் காயிலிலேயே மாட்டியிருந்தன. பையனும் நானும் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு கிலோ ஓம் பக்கத்தில் நின்றிருந்த எண் லேசாக ஆடியது, ஏறியது, திடீரென்று ஒன்றுமில்லாமல் போனது. பெட்டியைத் திறந்து ஊதினேன். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது.

"தம்பி, இது காயில்தான்" என்றேன்.

புதுசுக்குக் காசு இப்போது இல்லை, மெல்லத் தருகிறேன் என்றார். அம்மாவின் மஞ்சப்பை இன்னும் கடையில்தான் இருந்தது. அந்த இரண்டு காயில்களையும் அதே பல்புக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தேன். முக்கால் மணி நேரம் வேகவைத்தும் எண் இம்மியும் விழவில்லை. இரண்டுமே நல்லவை. அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பாதி வெலைக்குக் குடுத்துடுண்ணே, அந்தத் தம்பியும் பாவம்" என்றார்.

ஒன்று அந்தப் பம்ப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றை அம்மா திருப்பி வாங்கிக்கொண்டு போய், வண்டிப் பலகைக்கு அடியில் பாலிதீன் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்.